தலைக்கு மேலே குழாய். அதில் தண்ணீர் உண்டா?

செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்கே தண்ணீர் தருகிறது. அதன் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் பலவற்றில் நம் தலைக்கு மேலே சிவப்புக் குழாய் ஓடுகிறது. 2024 செப்டம்பரில் ஓசூர் அருகே மின்னணு ஆலையில் தீப்பிடித்த பிறகாவது கேட்போம்: அதில் தண்ணீர் உண்டா? யார் பார்த்தது?

குழாயில் தொங்குவது ஸ்பிரிங்க்ளர். அதன் வாயை அடைத்திருப்பது திரவம் நிறைந்த சிறு கண்ணாடிக் குமிழ். சாதாரணமாக 68 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் அது உடையும், தண்ணீர் கொட்டும். சூடுபட்ட குமிழ் மட்டுமே உடையும். எல்லாம் ஒருசேரக் கொட்டுவது சினிமாவில்தான்! மாடிப்படி ஓரம் நிற்கும் பெருங்குழாய் வேறு. அதில் ஓஸ் மாட்டி ஆள்தான் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் தொட்டி வேண்டும், பம்பு வேண்டும். வால்வை மூடிவிட்டால் எல்லாம் வெறும் இரும்பு.

1874இல் அமெரிக்காவில் பார்மலீ என்ற பியானோ முதலாளி இதை மாட்டினார் – ஆளைக் காக்க அல்ல, ஆலையைக் காக்க. 37 வருஷம் கழித்து, 1911இல், நியூயார்க் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் ஸ்பிரிங்க்ளர் இல்லை, ஓஸில் தண்ணீர் வரவில்லை, கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள்.

தீயணைக்கும் சாதனமும் தொழிலாளிக்குப் பயிற்சியும் வேண்டுமென்று நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 38ஆவது பிரிவே சொன்னது. பிரஷர் முள் எங்கே நிற்கிறது, வால்வுச் சாவி யாரிடம் என்று மாதம் ஒருமுறை நிர்வாகம் காட்டட்டும் – யூனியன் முன்னிலையில், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்து.