நோவுக்கு விலையா?

வைத்தியரின் கவனக்குறைவால் விளைந்த நோவுக்கும் துயருக்கும் விலை குறித்தல் தகுமா? அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலம் 1975ஆம் ஆண்டு குறித்துவிட்டது: அவற்றுக்குரிய நட்டஈடு 250,000 டொலருக்கு மேற்படலாகாது. காப்புறுதிக் கட்டண உயர்வைத் தாங்காது வைத்தியர் சிலர் வேலைநிறுத்தமே செய்த ஆண்டு அது. அவர்தம் இடரை நாம் மறுக்கோம். ஆயினும், வைத்தியச் செலவுக்கும் இழந்த ஊதியத்துக்கும் இவ்வரம்பு இல்லை. ஆகவே பெருஞ் சம்பளக்காரரின் குடும்பம் ஒருவாறு ஈடுபெறும். பாலகனோ பாட்டியோ மாண்டால்? அவர்க்கு ஊதியம் ஏது? எஞ்சுவது பெரும்பாலும் அந்தத் துயர்ப்பணமே. அதனையும் வழக்குச் செலவே விழுங்கிவிடுமென்று சட்டத்தரணிகள் பலர் இத்தகைய வழக்குகளை ஏற்கத் தயங்கினர். விலைவாசி பன்மடங்கு ஏறியும் அத்தொகை 47 ஆண்டுகள் அசைந்திலது. 2022இல் சட்டத்தைத் திருத்தினர். 2023 முதல் மரணத்துக்கு 500,000 டொலர், அதன்பின் ஆண்டுதோறும் ஏறிப் பத்தாண்டிற் பத்து இலட்சம்.