பட்டமா, பட்டாவா?

தெற்கே பஸ் ஏறினால் சுவருக்குச் சுவர் 'ஆண்ட பரம்பரை'. இப்போது நம்ம பையன்களும் ஃப்ளெக்ஸில் கிரீடம் வைத்துக்கொண்டு 'நாங்களும் ஆண்டவங்கதான்' என்கிறார்கள். கோபம் புரிகிறது. குனியச் சொன்னவன் முன்னால் நிமிர ஒரு ராஜா தேவைப்படுகிறார். ஆனால் இந்த ராஜாக்கள் எதை ஆண்டார்கள் என்று கேட்டுவிட்டு அந்தக் கிரீடத்தைத் தொடுவோம்.

இராமநாதபுரத்தையே எடுத்துக்கொள்வோம். சேதுபதிகளின் பட்டங்களில் ஒன்று 'இரணியகர்ப்பயாஜி'. தங்கத்தால் செய்த கர்ப்பத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் மறுபிறப்பாம். தங்கம் பார்ப்பனருக்குத் தானம். ஆள்கிறவனே காசு கொடுத்துப் பிறப்பை உயர்த்திக்கொள்ள வேண்டியிருந்த ஏணி அது. அதில் நமக்கு எதற்கு ஒரு படி?

1795இல் கும்பினி சேதுபதியைச் சிறையில் போட்டது. 1803இல் அதே சீமையை மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீனாக எழுதிக் கொடுத்தது. வருஷா வருஷம் பேஷ்குஷ் கட்டினால் பட்டம் நிலைக்கும். ஜமீன் குடியானவனைக் கசக்கியது; குடியானவன் பண்ணையாளைக் கசக்கினான்.

அதே மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் நம்மவர்மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. 1931இல் தடை பதினொன்று ஆனது. பிள்ளைகளைப் படிக்க வைக்காதே, வாரத்துக்கோ குத்தகைக்கோ உழாதே, இருக்கிற நிலத்தை மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிடு, இல்லாவிட்டால் தண்ணீர் கிடையாது. ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். உடம்பில் ஆரம்பித்தவன் நிலத்தில் வந்து நின்றதைக் கவனியுங்கள். எது முக்கியம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தாருக்கு நஷ்ட ஈடு, போதாததற்குப் பண்ணை நிலத்துக்குப் பட்டா. குடியானவனுக்கும் பட்டா. சேற்றில் நின்ற பண்ணையாள் இரண்டு கணக்கிலும் இல்லை. அரசியல் சட்டம் பட்டங்களை ஒழித்தது, 1971இல் மன்னர் மானியமும் போனது. பட்டம் போனதே தவிர, பட்டா போகவில்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. பயிர்க்கடன் மனுவில் 'உங்க பாட்டன் எந்தச் சீமையை ஆண்டார்?' என்று ஒரு கட்டம் கிடையாது. சர்வே எண்ணுக்குக் கட்டம் உண்டு. நம்ம சனம் அதிகமும் அங்கேதான் பேனாவைக் கீழே வைக்கிறது.

நமக்கென்று எழுதி வைத்த நிலமும் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைப் பிற சாதியார் வாங்கினால் செல்லாது. ஆனாலும் எத்தனையோ ஊரில் அது பிறர் கையில்தான் கிடக்கிறது. அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணை மண்ணில் நம்மவர் இறங்கினார்கள். ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். இருவருமே எந்த ராஜாவின் வாரிசென்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

படிக்கிற தம்பி, தங்கைகளே! கல்வெட்டில் ராஜாவைத் தேடினது போதும். தாலுகா ஆபீசுக்குப் போய் உங்க ஊர் 'அ' பதிவேட்டைக் கேளுங்க. இல்லை என்பான். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்க. நம்ம நிலம் அதுக்குள்ளதான் இருக்கு.