பிறவிப் பலம் என்னும் பொய்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டி நடக்கும் ஊர்களிலெல்லாம் எவரும் மறுக்காத கருத்து ஒன்று நிலவுகிறது. எதிரணியின் எல்லைக்குள் பாடிச் செல்லும் ஆட்டக்காரரை, அதாவது இன்றைய வழக்கில் ரெய்டரை, உடல்பலமே உருவாக்குகிறது என்பதும், அப்பலம் பிறப்பிலேயே வாய்ப்பது என்பதும், ஆகவே மேடும் பள்ளமும் ஏறியிறங்கி வளரும் கல்வராயன் மலைப்பிள்ளைகளுக்குப் பயிற்சியின்றியே ஆட்டம் கைவந்துவிடும் என்பதும் அதன் சாரம். பாராட்டுப் போலத் தோன்றும் இக்கருத்து பொய்யானது. அப்பிள்ளைகளுக்கு அநீதி இழைப்பது.

ஆட்டத்தின் விதிகளே இதை மறுக்கின்றன. சர்வதேச ஆடவர் கபடியில் 85 கிலோ எடைக்கு மேற்பட்டவர் களமிறங்க இயலாது. ரெய்டருக்குக் கிடைக்கும் 30 நொடிக்குள், ஆறு அல்லது ஏழு தடுப்பாளர்கள் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலைப் பதித்து மறுகாலைத் தரையில் படாமல் தூக்கினாலே, எவரையும் தொடாமல் ஒரு புள்ளி சேர்ந்துவிடுகிறது. புரோ கபடி லீகின் 2017ஆம் ஆண்டுப் பருவத்தில் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்த பர்தீப் நர்வால் பெயர்பெற்றதே டுப்கியால்தான். கைகோத்துச் சங்கிலியாக நெருங்கும் தடுப்பாளர்களின் கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் அந்த உத்தி, மோதலைத் தவிர்க்கும் கலையேயன்றி மோதி வெல்லும் வலிமையன்று.

பலத்துக்கு உவமையாகவே ரசிகர்கள் சுட்டும் பவன் செராவத்தின் ஆட்ட வாழ்க்கை இதைவிடத் தெளிவான சான்று. டெல்லியின் பவானாவைச் சேர்ந்த அவர், 2017இல் குஜராத் அணியில் இருந்தபோது பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே அமர்ந்திருந்தார். அடுத்த பருவத்தில் பெங்களூரு புல்ஸ் அணியில் பயிற்சியாளர் ரந்தீர் சிங்கின்கீழ் முதன்மை ரெய்டராகப் பொறுப்பேற்றவர், 271 ரெய்டு புள்ளிகள் குவித்ததோடு, 2019 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் அதே குஜராத்துக்கு எதிராக 22 புள்ளிகள் எடுத்துக் கோப்பையையும் வென்று தந்தார். ஓராண்டு இடைவெளியில் ஒருவரின் பிறவி மாறிவிடுவதில்லை; மாறியவை அவர்மீது வைக்கப்பட்ட நம்பிக்கையும் அவருக்குக் கிடைத்த பயிற்சியும் களத்தில் நின்ற நேரமுமே.

2022இல் தமிழ் தலைவாஸ் அணி அவரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தபோது, ஒற்றை ஆளின் பலத்தால் கோப்பை வந்துவிடும் என்ற பேச்சு தமிழகமெங்கும் எழுந்தது. முதல் ஆட்டத்திலேயே எதிரணி ரெய்டரை மடக்க முயன்றபோது முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆட முடியாமற்போனது. எனினும் நரேந்தர் என்னும் புதுமுகத்தை முன்னிறுத்தி ஆடிய அதே அணி, தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதியை எட்டியது. காயத்திலிருந்து மீண்ட செராவத்தோ, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமையேற்று 2023 அக்டோபரில் தங்கம் வென்றார். அவருடைய ஆளுமையில் போற்றத்தக்கது எதுவெனில், முழங்கால் சிதைந்தபின் மாதக்கணக்கில் மருத்துவத்தையும் பயிற்சியையும் பொறுத்துக்கொண்ட அந்த மனவுறுதியே.

பலத்தை வற்றாத ஊற்றாகக் கருதுவதன் கேட்டுக்கு அமெரிக்கக் கால்பந்தில் ஒரு துயரச் சான்று உண்டு. பந்தை மார்போடு அணைத்துத் தடுப்பாளர் கூட்டத்தைப் பிளந்து ஓடும் ரன்னிங் பேக் என்ற இடத்தில் ஆடிய ஏர்ல் கேம்பல், 1978இல் ஹூஸ்டன் அணியில் சேர்ந்து முதல் மூன்று பருவங்களிலும் ஓட்டத்தில் முதலிடம் பிடித்தார். அவர் உடல் தாங்கும் என்று நம்பியே 1980ஆம் ஆண்டுப் பருவத்தில் 373 முறை அவர் கையில் பந்து கொடுக்கப்பட்டது. எட்டுப் பருவங்களில் அந்த வாழ்க்கை முடிந்தது. பிற்காலத்தில் முதுகெலும்புப் பாதிப்பால் நடப்பதே அவருக்குப் பெரும்பாடாயிற்று. அவருடைய பலத்தைக் கொண்டாடியவர்கள் எவரும் அந்த வலியில் பங்கேற்கவில்லை.

கல்வராயன் மலையில் இந்நம்பிக்கை இன்னும் கொடியது. அங்கு வாழும் மலையாளி பழங்குடியினர், 1976இல் அரசு அம்மலை நிலங்களை ஏற்கும்வரை, அவற்றை ஆண்ட ஜாகிர்தார்களின் பிடியில் கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கு ஆளாகியிருந்தனர்; இன்றும் பலர் பிழைப்புக்காக வெளிமாநிலங்களுக்குச் செல்கின்றனர். மலைக்காரன் உடல் எதையும் தாங்கும் என்ற சொல், அந்த உழைப்பைச் சுரண்டியவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அதே சொல்லை விளையாட்டுத் திடலில் புகழ்மொழியாக வழங்க மனம் கூசும். பிறவியிலேயே திறன் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஆடுகள விரிப்பு வேண்டாம், பயிற்றுநர் வேண்டாம், காயத்துக்கு மருத்துவம் வேண்டாம் என்றாகிவிடுகிறது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவையும் வடுவூர் அபினேஷையும் உருவாக்கியவை, அன்றாடப் பயிற்சியும் அதைத் தவறாமல் தந்த பயிற்றுநர்களுமே.

வெள்ளிமலையிலோ கச்சிராயபாளையத்திலோ ஒரு பிள்ளை துள்ளி ஓடுவதைக் காணும் ஆசிரியரும் ஊர்ப் பெரியவரும் மலைப்பலம் என்று வியந்து கடந்துபோகாமல், அப்பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் பயிற்றுநரும் விரிப்பும் சத்துணவும் காயத்துக்கு மருத்துவமும் வேண்டுமென்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.