சந்தை விரிந்தால் சுமை யாருக்கு?

நாடுகள் தம் சந்தைகளை ஒன்றாக்கும்போது, தேசத்துக்கு லாபமா நஷ்டமா என்று கேட்பது வழக்கம். அக்கேள்வி போதாது என்பதே நமது அபிப்பிராயம். லாபம் எவருக்கு, நஷ்டம் எவருக்கு, முன்னவர் பின்னவருக்கு ஈடு செய்கின்றனரா என்றும் கேட்டல் வேண்டும்.

பிரான்சின் அனுபவத்தைப் பார்ப்போம். 1957-இல் ரோம் உடன்படிக்கையால் ஐரோப்பியப் பொதுச் சந்தையை நிறுவிய ஆறு நாடுகளுள் அது ஒன்று. 1986 ஜனவரி 1-இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் அதில் சேர்ந்தன. ஸ்பெயினின் உயர்ந்த சுங்கவரி ஏழாண்டுகளில் படிப்படியாக நீங்கும் என்று ஏற்பாடாயிற்று. மோட்டாரும் இயந்திரமும் செய்யும் பிரெஞ்சு ஆலைகளுக்கு அது நற்செய்தி. தெற்கே லாங்கெடாக் பிரதேசத்துத் திராட்சைக் குடியானவர்களோ கலங்கினர். அவர்கள் விளைவித்த திராட்சையையும் காய்கனிகளையும் ஸ்பெயின் குறைந்த கூலியில் விளைவித்தது. இத்தாலிய மது இறக்குமதியை எதிர்த்து 1976-இல் அங்கு நடந்த கலகத்தில் ஒரு குடியானவரும் ஒரு காவல் அதிகாரியும் மாண்டிருந்தனர்.

பரிகாரங்கள் செய்யப்படாமல் இல்லை. ஸ்பெயினின் காய்கனிகளுக்குப் பத்தாண்டு இடைக்காலம் விதிக்கப்பட்டது. கிரீஸ், இத்தாலி, தென்பிரான்சு ஆகியவற்றுக்கென 1985-இல் தனி உதவித் திட்டம் வகுக்கப்பட்டது. அது கிடைத்தாலன்றிப் புதியவர்களைச் சேர்க்க இசையோம் என்று கிரீஸ் உறுதியாக நின்றது. 1988 முதல் திராட்சைக் கொடியைப் பிடுங்குவோருக்கு மானியமும் கிடைத்தது.

இங்கேதான் கூட்டுறவாளர் ஊன்றி நோக்க வேண்டும். கொடியைப் பிடுங்கியவர் மானியம் பெற்று விலகலாம். அவரது திராட்சையை எதிர்பார்த்துக் கட்டிய சங்க ஆலையின் செலவோ குறைவதில்லை. எஞ்சிய அங்கத்தினர் தலையில் அது ஏறுகிறது. பிரான்சின் ஆதி மதுக் கூட்டுறவுகளுள் ஒன்று 1901-இல் பிறந்த மரோசான் கிராமமும் இப்பிரதேசத்ததே. அத்தகைய மண்ணில் தனியாளுக்கு ஈடு கொடுத்தால் மட்டும் போதாது. சங்கங்கள் ஒன்றிணையவும், உயர்ந்த ரகக் கொடிகளை நட்டுத் தரத்தால் விலை பெறவும் கைகொடுப்பதே நிலைத்த உதவி.

கதவை அடைத்துவிடு என்று நாம் கூறவில்லை. ஸ்பெயினின் உழவனும் உழைப்பாளியே. மலிவான பண்டம் வாங்குவோரும் ஏழைகளே. ஆயின் ஆலை முதலாளியின் ஆதாயத்துக்காக உழவன் மட்டும் விலை கொடுப்பது நியாயமன்று. ஈட்டுக்கான ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கதவு திறக்குமுன் கேட்டவருக்கே பங்கு கிடைக்கும் என்பதைக் கிரீஸ் காட்டியது. தனித்துக் கேட்கும் குரல் எடுபடாது. சங்கமாய் நின்று கேட்போமாக.