குபேர் மார்க்கெட்டை இடிச்சுட்டு யாருக்கு ரூம் போடப் போறீங்க?

பாண்டிக்கு ரெண்டு நாள் போய்ட்டு வந்து பயணப் பதிவு போடுற மக்களே, உங்களோட கொஞ்சம் சண்டை இருக்கு. கோவிச்சுக்காம படிங்க.

எல்லார் பதிவுலயும் ஒரே படம்தான். மஞ்சச் சுவர், வெள்ளை ஜன்னல், மேல காகிதப்பூ, கீழ ஒரு சைக்கிள். தங்கினது ஹெரிடேஜ் ஹோட்டல், கடிச்சது க்ரோசான், கடைசியில "குட்டி பிரான்ஸ்"னு ஒரு பெருமூச்சு. சரி, காசு உங்களோடது. ஆனா அங்கேர்ந்து பெரிய வாய்க்காலைத் தாண்டி கொஞ்ச தூரம் நடந்தா நேரு வீதியில பெரிய மார்க்கெட் இருக்கே, அதைப் பத்தி எழுதினா மட்டும் ரெண்டே வரி. "கூட்டம், நாத்தம், தவிர்க்கவும்." இந்த ரெண்டு வரியைத்தான் அதிகாரிகளும் வேற பாஷையில எழுதுறாங்கங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

அதோட பேரு குபேர் அங்காடி. (வெளியூர்க்காரங்க பலர் செல்வத்துக்கு அதிபதி குபேரன்னு நினைச்சுக்கறாங்க. இல்லீங்க, இது எதுவார் குபேர், 1963-ல புதுச்சேரியோட முதல் முதலமைச்சர் ஆனவர்.) பக்கத்துலயே ரங்கப்பிள்ளை வீதியில ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகை. 1736-லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதின மனுஷன், ஒரு வகையில நமக்கெல்லாம் மூத்த பதிவர் :-) துய்ப்ளேக்ஸ் கிட்ட துபாஷியா இருந்தவரு. கப்பல் வந்த கதை, சரக்கு வித்த கதை, யார் யாருக்குக் கடன்ங்கற கதை எல்லாம் அதுல கிடக்கு. இந்த ஊர் பொறந்ததே யாவாரத்துக்குத்தான். கோட்டையை 1761-ல இங்கிலீஷ்காரன் தரைமட்டமாக்கினான். ஊர் திரும்ப எழுந்திரிச்சது. கடலோரத்துல வில்லா கட்டினதால மட்டுமா எழுந்திரிச்சது?

ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல 2017-ல புதுச்சேரி சேர்ந்துச்சு. அதுல ஒரு திட்டம், இந்த மார்க்கெட்டை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டறது. வியாபாரிங்க கடையடைச்சுப் போராடினாங்க. மொத்தமா இடிக்காதே, பகுதி பகுதியா செய், எங்களை வெளிய தள்ளிட்டு அப்புறம் பார்க்கலாம்னு சொல்லாதேன்னாங்க. ஸ்மார்ட் சிட்டி இயக்கமே 2025 மார்ச் 31-ஓட முடிஞ்சு போச்சு. ஆனா இடிக்கிற யோசனைங்களுக்கு எப்பவும் ஆயுசு கெட்டி. இன்னொரு பேருல திரும்ப வரும்.

உடனே "அப்ப அந்தச் சேத்துலயே கிடக்கட்டும்கறியா?"ன்னு கேப்பீங்க. இல்ல. மழை பெஞ்சா மீன் பக்கம் காலு வைக்க முடியாது. விடியக்காலைல வந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கற பொம்பளைங்களுக்கு ஒழுங்கான கழிப்பறை வேணும். கூரை, வடிகால், ஐஸ் வைக்க இடம், தீப்பிடிக்காத வயரிங் எல்லாம் வேணும். பாரம்பரியம்னு சொல்லி அழுக்கை ரசிக்கிற கூட்டமும் எனக்கு ஆகாது. என் கேள்வி வேற. புதுக் கட்டடம் வந்தப்புறம் யார் உள்ள இருப்பாங்க?

கடை லைசென்ஸ் வெச்சிருக்கவருக்குப் பேப்பர் இருக்கு, சங்கம் இருக்கு. தரையில சாக்கு விரிச்சு நாலு கட்டு கீரை, ரெண்டு சீப்பு வாழைப்பழம் விக்கிற ஆயாவுக்கு என்ன இருக்கு? அன்னிக்குக் குடுத்த அடிக்காசுச் சீட்டு. மறுநாள் அது குப்பை. எந்தக் கணக்கெடுப்புலயும் அவங்க பேரு கடைசியில, இல்லாட்டி பேரே இருக்காது. மொத்த மீன் ஏலத்தை ஈசிஆர்ல இருக்கற நவீன மீன் அங்காடிக்கு மாத்தப் பார்த்தப்ப மீனவப் பொம்பளைங்க ஏன் கொதிச்சாங்க? கூடையோட அங்க போக ஒரு ஆட்டோ, திரும்ப ஒரு ஆட்டோ. லாபமே அதுல போயிடும். ஏசி ரூம்ல வரைபடம் போடுறவங்களுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தெரியாது.

2014-ல வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தை எடுத்துப் பாருங்க. தெரு வியாபாரிங்க 50 வருஷத்துக்கு மேல கடை போடுற இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தைன்னு அறிவிக்கணும், அங்க இருக்கறவங்களை இடம் மாத்தக் கூடாதுன்னு அதோட அட்டவணையில இருக்கு. "அது தெருவுக்கு, இது நகராட்சி மார்க்கெட்டு"ன்னு வக்கீல் யாராவது பாயிண்ட் பிடிக்கலாம். பிடிக்கட்டும். தெருவுல விக்கிறவங்களுக்கே குடுத்த மரியாதையை கூரைக்குக் கீழ அடிக்காசு கட்டி விக்கிறவங்களுக்குக் குடுக்க என்ன கஷ்டம்?

திருச்சியில காந்தி மார்க்கெட்டுக்கு மாத்தா கள்ளிக்குடியில கோடிக்கணக்குல கட்டினாங்க, 2017-ல திறந்தாங்க. யாவாரி போகல, கட்டடம் காத்து வாங்குச்சு. ஊரோட கால் போற வழியில மார்க்கெட் இருக்கணும்ங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

பணமில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. கடற்கரையில மேரி கட்டடம் 2014 நவம்பர்ல மழையில இடிஞ்சு விழுந்துச்சு. உலக வங்கிக் கடன் வாங்கி, பழைய மாதிரியே கட்டி, 2021-ல திறந்தாங்க. நல்லாவே கட்டினாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். கடலைப் பார்த்த கட்டடத்துக்கு இருக்கற பொறுமை, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வர்றப்ப மட்டும் ஏன் புல்டோசர் ஆயிடுது?

தங்கற ரூமுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்ங்கறீங்களா? இந்தப் பக்கத் தமிழ்த் தெருக்கள்லயும் திண்ணை, தூண், முத்தம் வெச்ச வீடுங்க ஒவ்வொண்ணா ஹோம்ஸ்டே ஆகுது. வீட்டை இடிக்காம காப்பாத்தினதுக்கு அந்த ஓனர்களுக்கு ஒரு கும்பிடு, சில வீடு அதாலதான் நிக்குது. ஆனா சனி ஞாயிறு வந்து போறவன் அரைக் கிலோ கத்திரிக்கா வாங்க மாட்டான். குடித்தனம் குறையக் குறைய மார்க்கெட்டுக்கு ஆள் குறையும். அப்புறம் "யாவாரமே இல்லையே, ஃபுட் கோர்ட் ஆக்கிடலாமே"ன்னு ஒரு ஆள் வருவான். பார்சிலோனாவுல லா பொக்கேரியா சந்தையில வேடிக்கை பார்க்கறவன் தொல்லை தாங்காம, 2015-ல வார இறுதிக்குப் பெரிய டூர் கும்பலுக்குத் தடை போட்டாங்க. ஆம்ஸ்டர்டாம்ல வீட்டை வருஷத்துக்கு 30 ராத்திரிக்கு மேல சுற்றுலாவுக்கு விடக்கூடாதுன்னு 2019-ல கட்டுப்பாடு வந்துச்சு. 1693-லேர்ந்து 1699 வரைக்கும் பாண்டியைக் கையில வெச்சிருந்து இந்த நேர்கோட்டுத் தெருவுக்கெல்லாம் கோடு போட்டதும் அந்த டச்சுக்காரன்தான். கோட்டை மட்டும் அவன்கிட்ட வாங்கிக்கிட்டோம், கட்டுப்பாட்டை வாங்க மாட்டோமா?

நான் கேக்கறது மூணுதான். தரைக்கடைக்காரங்களையும் சேர்த்துப் பேரெழுதுங்க. ஒரு பக்கம் கட்டறப்ப இன்னொரு பக்கம் யாவாரம் நடக்கட்டும். திரும்பி வர்ற இடத்தை, இடிக்கறதுக்கு முன்னாடி எழுத்துல குடுங்க.

டிஸ்கி: அடுத்த தடவை போறப்ப காலைல ஆறு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போங்க. பூக்காரம்மாவைப் படம் எடுத்தீங்கன்னா ரெண்டு முழமாவது வாங்குங்கப்பா. முக்கியமா, பேரம் பேசாதீங்க.