சுனை தரும் குளிர்ச்சி

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்கிவிட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் மண் அனலாய்க் கொதிக்கும். விடுமுறைக்கு வந்த பேரக்குழந்தைகளை எந்த நீர்த்துறைக்கு அழைத்துச் செல்வது என்னும் பேச்சு வீடுதோறும் எழும். உடனே நினைவுக்கு வருவது குற்றாலம். ஆனால் குற்றாலத்தின் சாரல் காலம் ஆனி முதல் ஆவணி வரையில்தான். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்காத சித்திரையில் அருவிப் பாறை காய்ந்து கிடப்பதும் உண்டு.

அருவி வேறு, சுனை வேறு. மலையில் பெய்யும் மழை வழிந்தோடி விழுவது அருவி. அதே மழை காட்டின் சருகிலும் மண்ணிலும் ஊறி, பாறை இடுக்குகளில் இறங்கி, அதற்குமேல் இறங்க வழியில்லாத இடத்தில் வெளியே கசிவது சுனை. அருவி அன்றைய வரவை அன்றே செலவழிப்பது. சுனை சேமிப்பில் இருந்து சிறுகச் சிறுகக் கொடுப்பது. ஆகவேதான் மழையற்ற மாதத்திலும் நல்ல சுனை வற்றுவதில்லை. மண்ணின் ஆழத்தில் வெயிலும் பனியும் எளிதில் எட்டுவதில்லை. அங்குள்ள நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகத் தோன்றிய கிணற்று நீரே சித்திரை நண்பகலில் குளிர்ந்து தோன்றுவதன் காரணமும் அதுவே.

சங்கரன்கோவில் மக்களுக்குச் சுனை என்ற சொல் புதிதன்று. சங்கரநாராயணர் ஆலயத் தீர்த்தத்தின் பெயரே நாகசுனை. சிவபெருமானே பெரியவர் என்ற சங்கனும், திருமாலே பெரியவர் என்ற பதுமனுமாகிய இரு நாகங்கள் அமைத்த தீர்த்தம் அது என்பது தல வரலாறு. அவர்கள் வாதம் தீரவே கோமதி அம்மன் தவமிருந்தாள். ஆடித் தபசு நாளில் இறைவன் அரியும் அரனுமாய் ஒரே வடிவில் காட்சி தந்தான். வாதத்தின் வெம்மையும் தணிந்த தலம் அது. வெளியூர் நீர்த்துறைக்குப் புறப்படும் முன் நாகசுனையை வணங்கி, கோமதி அம்மனைத் தரிசித்துச் செல்வது பொருத்தமாகும்.

கோடையிலும் ஊறும் சுனையை நாடுவோருக்கு அழகர்மலையின் நூபுர கங்கை நல்ல சான்று. மதுரையிலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் அழகர்கோவில். அங்கிருந்து மலைப்பாதையில் பழமுதிர்சோலையைக் கடந்து மேலே சென்றால் ராக்காயி அம்மன் சந்நிதியும் தீர்த்தமும் உள்ளன. உலகளந்த பெருமாளின் திருவடிச் சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் என்பதால் நூபுர கங்கை, தமிழில் சிலம்பாறு. கள்ளழகர் உற்சவருக்கு இந்நீரால் மட்டுமே திருமஞ்சனம் நடைபெறுகிறது. அவர் மதுரைக்கு எழுந்தருளும் சித்திரைத் திருவிழாவிலும் திருமஞ்சனத்திற்கு இத்தீர்த்தமே உடன் செல்கிறது. ஐப்பசியில் தைலக்காப்பு உற்சவத்துக்குப் பெருமாளே சுனையைத் தேடி மலையேறுகிறார். புகழ்பெற்ற சம்பா தோசைப் பிரசாதமும் இந்நீர் கொண்டே செய்யப்படுகிறது. பெருமாளுக்கு உரிய நீரில் பக்தனுக்கும் பங்கு கிடைக்கிறது என்பதை நினைத்தால், அங்கே நீராடும் முறையும் தானே விளங்கும்.

உடலின் அழுக்கை வெளியிலேயே கழுவிவிட்டுத் தீர்த்தத்தில் இறங்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த விதி. எண்ணெயும் சோப்பும் சீயக்காயும் சுனைக்குள் செல்லலாகாது. பரிகாரம் என்று உடுத்த துணியை நீரில் விட்டு வருவதால் ஒருவருடைய தோஷம் தீரும் என்று எண்ணுவோர், அடுத்து வருபவர் அந்தத் துணியை மிதித்து நீராட நேர்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. மேலே காடு அழிந்தால் கீழே சுனையும் நின்றுபோகும். வழிபடுகிற சுனைக்கு மேலுள்ள மரமும் வழிபடத் தக்கதே.

முதியோர் வெயிலில் நடந்த களைப்போடு குளிர்நீரில் தலையைக் கொடுத்தல் கூடாது. சற்று அமர்ந்து வியர்வை அடங்கிய பின், முதலில் பாதம், பிறகு கை, முகம், இறுதியில் தலை என நனைத்தல் நலம். இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும், புண்ணியம் குறையாது.

குழந்தைகளை அருவிக்கு அழைத்துச் செல்வோர் வானத்தை மட்டுமன்றி மலையையும் பார்க்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அது வைகாசியின் தொடக்கம். சாரல் காலம் பிறக்கவில்லை. மலைமேல் பெய்யும் கோடைமழை, அடிவாரத்தில் வெயில் காயும்போதும் வெள்ளமாய் வந்துவிடும். நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேற வேண்டும். காவலர் தடுத்தால் வாதிடாமல் திரும்புவதே அறிவு.

தாத்தாவும் பாட்டியும் கரையில் நின்று இத்தனையும் சொல்லிக் கொடுத்தால், பேரக்குழந்தைகள் நீரின் குளிர்ச்சியோடு நீரை மதிக்கும் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். வரும் தலைமுறைக்கும் அச்சுனை ஊற, கோமதி அம்மன் அருள் துணை நிற்கட்டும்.