படம் யாருடையது?

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் வெள்ளி உப்பேற்றி, மனித முகங்களைப் படமாக்கிப் புகழ் கொண்டவர் அவர். 1879 இல் அவர் மறைந்து பதினாறாண்டுகள் கழிந்த பின்னரே, 1895 இல், ஜெர்மானிய அறிஞர் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். காப்புரிமை கோராது அதனை உலகுக்கே அளித்தார். அன்று தொட்டு நூறாண்டுக் காலம் நம் எலும்பையும் நெஞ்சையும் வைத்தியர்களுக்குக் காட்டி வந்தது அதே வெள்ளி உப்பே.

இன்று அந்த வெள்ளியின் காலம் முடிகிறது. 1980 களில் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம், பிலிமுக்குப் பதிலாகக் கதிரின் சுவட்டைத் தாங்கி நிற்கும் தகட்டைக் கொணர்ந்தது. லேசர் ஒளி அதனைப் படித்தது. இப்பொழுதோ படம் நேரே கணினித் திரையில் தோன்றுகிறது. இருட்டறை வேண்டாம், கழுவும் மருந்து வேண்டாம், மழைநாட்டு ஈரத்தில் பிலிம் கெடுமே என்ற அச்சமும் வேண்டாம். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றி, மருந்துக்கே நாடு தவித்ததை அறிந்தோர், இறக்குமதிப் பிலிமை நம்பியிராமையின் அருமையை உணர்வர்.

ஆயினும் என் மனம் ஓரிடத்தில் தயங்குகிறது. லயத்துக் காம்பராவில், றங்குப் பெட்டியில், சேலை மடிப்புக்கு அடியில் உறையோடு கிடக்கும் எக்ஸ்ரே படத்தை நான் கண்டிருக்கிறேன். ஹட்டனுக்கோ கண்டிக்கோ போகும்போது நோயாளி அதனைக் கக்கத்தில் இடுக்கிச் செல்வார். அது அவருடைய சொத்து. டிஜிட்டல் படமோ வைத்தியசாலைக் கணினியில் தங்கிவிடுகிறது. அடுத்த வைத்தியசாலையின் கணினி அதனை அறியாவிடின், மீண்டும் படம், மீண்டும் வரிசை. நெஞ்சுப் படமொன்றின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து பத்து நாளில் நாம் பெறும் அளவே, அது சிறிது. இழக்கும் ஒருநாட் சம்பளம் சிறிதன்று.

இதற்கு விஞ்ஞானம் தடையன்று. எந்த நிறுவனத்தின் இயந்திரமும் பிறிதொன்றின் படத்தைப் படிக்கத்தக்க 'டைகொம்' என்னும் பொது முறை 1993 முதலே உண்டு. தடை நிருவாகத்தில் இருக்கிறது. தோட்டத்து மருந்தகம் பெரும்பாலும் கம்பனியின் பொறுப்பு. சிறு வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. பெரிய போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் பொறுப்பு. நோயாளியின் உடலோ ஒன்றுதான்!

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் எழுந்த வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. கட்டடம் தந்தாயிற்று, இனிக் கட்டடங்களிடையே படம் செல்லும் வழியையும் திறத்தல் வேண்டும். அதுவரை, படத்தின் பிரதியொன்றும், தமிழில் எழுதிய குறிப்பொன்றும் நோயாளியின் கையிற் கொடுக்கப்படுக. றங்குப் பெட்டியில் இருந்த உரிமையைக் கணினி பறித்துக்கொள்ளலாகாது.